கோழியின் இறகு நிறமும் முட்டை நிறமும்

நெல்லும் பூசணியும் ஒருங்கே செய்கை பண்ணும் கமக்காரர் ஒரு வேற்றுமையை நன்கறிவர். ஒரே இன நெல்லை விதைத்து, கலப்புக் கதிர்களைப் பிடுங்கி எறிந்து, விதைநெல்லை வேறாகக் கட்டி வைத்தால், அடுத்த போகத்திலும் அதே நெல்லே விளையும். நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தினாலேயே கருக்கொள்வது இதற்குக் காரணம். பூசணி அவ்வாறன்று. அயல் தோட்டத்துப் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும். நல்ல காயென்று விதை எடுத்து நட்டவர், அடுத்த முறை வேறு வடிவமான காயைக் கண்டு திகைப்பார். கோழி இவ்விரண்டில் பூசணியின் பக்கத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு குஞ்சும் தாயிடமிருந்து ஒரு பங்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கும் பெறுகின்றது. பெற்றவற்றுள் எதனை வெளியே காட்டும், எதனை உள்ளே மறைத்து வைக்கும் என்பதற்கு விதிகள் உண்டு.

இவ்விதிகளை அறிவதனால் கமக்காரருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அடைக்கோழியின் கீழ் 12 முட்டை வைத்து 10 குஞ்சு பொரித்தால், அவற்றுள் ஏறத்தாழ 5 குஞ்சு சேவலாக இருக்கும். எது சேவல், எது பேடு என்று கொண்டையையும் வாலையும் பார்த்து ஐயமின்றிச் சொல்வதற்குப் பல கிழமைகள் செல்லும். அதுவரை இரண்டும் ஒரே தீனைத் தின்னும். முட்டைக்காகக் கோழி வளர்ப்பவர், விலை கொடுத்து வாங்கிய குஞ்சுத்தீனில் பாதியைத் தமக்கு வேண்டாத சேவல்களுக்கு இட்டுவிட்டு, பின்னர் அவற்றை வந்த விலைக்கு விற்கிறார். பொரித்த அன்றே சேவற்குஞ்சையும் பேட்டுக்குஞ்சையும் பிரித்தறிய முடியுமானால் இந்நட்டம் நேராது. பெரிய பொரிப்பகங்களிலே குஞ்சின் எருவாயைத் திறந்து பார்த்துப் பால் அறியும் பயிற்சி பெற்றோர் இருக்கின்றனர். அது கைப்பழக்கம் மிக வேண்டிய வேலை. பழகாத கை குஞ்சைக் கொன்றுவிடும். நிறத்தைக் கொண்டு அறியும் முறையோ எவரும் கைக்கொள்ளத்தக்கது. அதற்கு வேண்டியவை, சோடி சேர்ப்பதிற் சிறிது அறிவும் அதனிலும் பெரிதாகக் கண்டிப்புமே.

மறைந்து நிற்கும் நிறம்

முதலில் ஒரு சிறு வழக்கைக் கூறுகிறேன். எனது பிரிவிலே ஒரு வீட்டில் சேவலும் சிவப்பு, பேடுகளும் சிவப்பு. ஓர் அடையில் ஒரு குஞ்சு மாத்திரம் இறகு முளைத்தபின் முழு வெள்ளையாயிற்று. பக்கத்து வளவிலே ஒரு வெள்ளைச் சேவல் நின்றமையால், வேலி அடைக்கும் பொறுப்பு யாருடையது என்பது வரை பேச்சு வளர்ந்துவிட்டது. நான் போனபோது இரு வீட்டாரும் என்னையே நடுவராக்கினர்.

அயற்சேவல் குற்றவாளியாகவும் இருக்கலாம். நிரபராதியாகவும் இருக்கலாம் என்பதே சரியான விடை. வெள்ளை நிறத்தில் இரு வகை உண்டு. ஒன்று வெள்ளை லெகோண் கோழியின் வெள்ளை. இஃது ஆட்சியுடைய நிறம். தாய் தகப்பன் இருவருள் ஒருவர் கொடுத்தாலே போதும். வேறெந்த நிறத்தையும் மூடி மறைத்துவிடும். அங்குமிங்கும் ஓரிரு கருமையான இறகு மாத்திரம் தப்பி நிற்கலாம். மற்றையது பின்னிடைவான வெள்ளை. இது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஆக இரு பங்கு கிடைத்தால் மாத்திரமே வெளிப்படும். ஒரு பங்கு மாத்திரம் உள்ள கோழி சிவப்பாகவோ கறுப்பாகவோ தோன்றிக்கொண்டு, வெள்ளையை உள்ளே சுமந்து திரியும். அத்தகைய சேவலும் அத்தகைய பேடும் சேர்ந்தால் சராசரியாக 4 குஞ்சுக்கு 1 வெள்ளையாகும். சராசரி என்பதைக் கவனியுங்கள். 10 குஞ்சில் வெள்ளை ஒன்றுமே இல்லாதிருக்கலாம், நான்கும் இருக்கலாம்.

பட்டாணிச் செடியில் இவ்விதியைக் கண்டு 1866ஆம் ஆண்டிலே வெளியிட்டவர் கிரெகர் மெண்டல் என்னும் துறவி. அது கோழிக்கும் பொருந்தும் என்பதை 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பேற்சன் கொண்டைகளின் வடிவத்தைக் கொண்டு காட்டினார். பிராணிகளிலே மெண்டலின் விதி முதன்முதல் எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் நமது முற்றத்துக் கோழியும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

இனி அயற்சேவலின் வழக்கு. பேட்டுக்கோழி சேவலின் விந்தைத் தன் உடலினுள்ளே சேமித்து வைக்கும் இயல்புடையது. சேவலை அகற்றிய பின்னரும் ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு, சிலவேளை மூன்று கிழமை வரைக்கும், கருவுள்ள முட்டையிடும். ஆகவே அயற்சேவல் ஒருநாள் வேலி தாண்டினால், அதன் குஞ்சு பல நாள் கழித்து இட்ட முட்டையிலிருந்தும் வரலாம். இதனை இங்கு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோடி மாற்றுபவர் பழைய சேவலை விற்று, புதிய சேவலை விட்ட மறு கிழமையே முட்டையை அடைக்கு வைத்துவிட்டு, ‘சொன்ன நிறம் வரவில்லை’ என்று குறைப்படுவதை ஆண்டுதோறும் கேட்கிறேன்.

தாயின் நிறம் மகனுக்கு

பழைய தேசவழமை முறையிலே தாயின் சீதனம் மகளுக்கும் தகப்பனின் முதுசொம் மகனுக்கும் சேரும். கோழியின் சில இறகு நிறங்கள் இதற்கு நேர்மாறாகச் செல்கின்றன. தாயின் நிறம் மகனுக்கு மாத்திரமே போகும். மகள் தகப்பனின் நிறத்தையே பெறுவாள். இதனை மனத்திற் கொண்டால் மிகுதி யாவும் எளிது.

காரணம் இதுதான். உயிரின் பண்புகளைத் தாங்கிச் செல்பவை நிறமூர்த்தங்கள் எனப்படும் நுண்ணிய இழைகள். அவற்றுள் பாலைத் தீர்மானிக்கும் ஒரு சோடி உண்டு. மனிதரில் இச்சோடி பெண்ணில் ஒத்ததாகவும் ஆணில் ஒவ்வாததாகவும் இருக்கும். பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டும் பெரிய இழைகள். பேட்டுக்கு ஒன்று பெரியது, மற்றது சிறியது. பேடு தன் சிறிய இழையைக் கொடுத்தால் குஞ்சு பேடாகும். பெரிய இழையைக் கொடுத்தால் சேவலாகும். பொன்னிறம், வெள்ளிநிறம் என்பவற்றைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு பெரிய இழையிலேதான் இருக்கின்றது. சிறிய இழையில் இல்லை. ஆகவே பேட்டுக்குஞ்சுக்கு இந்நிறம் பற்றித் தாயிடமிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. தகப்பன் கொடுத்தது எதுவோ அதுவே அதன் நிறம். வெள்ளி பொன்னின்மேல் ஆட்சியுடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். றோட் ஐலண்ட் றெட் சேவல் பொன்னிற வகை. அதன் இரு இழையிலும் பொன்னே இருக்கும். வெள்ளை உடலும் கருங்கழுத்துக் கோடும் கருவாலும் உடைய லைற் சசெக்ஸ் பேடு வெள்ளி வகை. றோட் ஐலண்ட் றெட் சேவலை லைற் சசெக்ஸ் பேட்டுடன் சேர்த்தால், பேட்டுக்குஞ்சு யாவும் தகப்பனின் பொன்னை மாத்திரம் பெற்றுச் செம்மஞ்சளாகவோ கபில நிறமாகவோ பொரிக்கும். சேவற்குஞ்சு யாவும் தாயின் வெள்ளியையும் பெறுவதால் வெளிறிய இளமஞ்சளாகப் பொரிக்கும். ஈரம் உலர்ந்தவுடன் வெளிச்சத்தில் வைத்துப் பிரித்துவிடலாம். நான்கு நாள் கழித்துப் பார்ப்பதிலும் முதல்நாள் பார்ப்பதே தெளிவு.

இவ்வுபாயத்தை முதலாம் உலகப் போர்க்காலத்தில், தானியத் தட்டுப்பாட்டினால் சேவற்குஞ்சுக்குத் தீன் போடுவதைத் தவிர்க்கும் பொருட்டு இங்கிலாந்திலே எடுத்துரைத்தவர் கேம்பிறிச்சு ஆசிரியரான பனற் என்பவர். இன்று நம் நாட்டிலே ‘லேயர்’ என்று விற்கப்படும் கபில நிறப் பேடுகளிற் பலவும் இதே விதியைக் கொண்டு பிரிக்கப்பட்டவை. சேவர் பிறவுண் முதலிய கலப்பினங்களிலே கபிலக் குஞ்சு பேடு, வெளிறிய குஞ்சு சேவல்.

சோடி தலைகீழானால்

நான் பண்ணைப் பாடசாலையிலே பயின்ற காலத்தில் எனக்கும் ஒரு கோழி அடைப்பு ஒப்படைக்கப்பட்டது. சசெக்ஸ் சேவல் ஒன்று அழகாக நின்றமையால், அதனையே றோட் ஐலண்ட் றெட் பேடுகளுடன் விட்டேன். இரண்டு இனமும் அவைதாமே, சேவல் எதுவாயினும் என்ன என்று எண்ணினேன். பொரித்த குஞ்சு யாவும் ஒரே வெளிறிய மஞ்சள். வெள்ளிச் சேவல் தன் மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே வெள்ளியைக் கொடுத்துவிட்டது. வகுப்பு முழுவதும் வந்து பார்த்துச் சென்றது. எந்த இனம் என்பது மாத்திரமன்று, எது சேவல், எது பேடு என்பதும் முக்கியம் என்பதை அன்று கற்றேன். பொன் சேவல், வெள்ளிப் பேடு. இதனைக் கூட்டின் கதவிலே எழுதி வைப்பினும் தவறில்லை.

இதனிலும் பெரிய நட்டம் இரண்டாம் தலைமுறையிலே நேர்வது. ஒரு கமக்காரர் நிறத்தாற் பிரிக்கப்படும் கலப்பினக் குஞ்சுகளை இரு நிறத்திலும் வாங்கினார். கபிலப் பேடுகள் நன்றாக முட்டையிட்டன. வெளிறிய சேவல்களில் ஒன்று திடமாக வளர்ந்தமையால், அதனையே அப்பேடுகளுடன் விட்டு அடை வைத்தார். குஞ்சுகள் முன்போலவே கபிலமும் வெளிறியதுமாக இரு நிறத்திற் பொரித்தன. அவர் மகிழ்ந்து, வெளிறியவற்றை எல்லாம் சேவலென்று எண்ணி, இரண்டு கிழமைக்குள்ளேயே குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் வீட்டிலே அவற்றுட் பல முட்டையிடத் தொடங்கின. இவர் வீட்டிலோ மிஞ்சிய கபிலக் குஞ்சுகளிற் பாதி கூவத் தொடங்கின.

நடந்தது யாதெனில், அவ்வெளிறிய சேவல் தாயிடமிருந்து வெள்ளியையும் தகப்பனிடமிருந்து பொன்னையும் பெற்ற கலப்புச் சேவல். அது தன் குஞ்சுகளிற் பாதிக்கு வெள்ளியையும் பாதிக்குப் பொன்னையும் கொடுக்கும். மகன், மகள் என்ற வேறுபாடு பார்க்காது. கபிலப் பேடுகளிடம் இருப்பதோ பொன் மாத்திரமே. ஆகவே சேவற்குஞ்சிலும் பாதி வெளிறும், பேட்டுக்குஞ்சிலும் பாதி வெளிறும். நிறம் இரண்டாகத் தோன்றினும் அது பாலின் அடையாளமாக இருப்பது முதற்கலப்போடு முடிந்தது. கலப்பின மிளகாயின் பழத்திலிருந்து விதை எடுத்து நாற்றுமேடை போட்டவர் காணும் ஏமாற்றமும் இத்தகையதே. அத்துடன், அக்கலப்பினப் பேட்டின் முட்டையிடும் திறனும் குஞ்சுகளில் அப்படியே நில்லாது. ஒவ்வொரு முறையும் தூய சேவலையும் தூய பேட்டையும் கொண்டே முதற்கலப்பைச் செய்தல் வேண்டும்.

வரிக்கோழியும் ஊர்ச்சேவலும்

லைற் சசெக்ஸ் எங்கும் கிடைப்பதில்லை. கிடைப்பினும் இரண்டு தூய இனங்களைத் தனித்தனி அடைப்பில் வைத்திருப்பது சிறு கமக்காரருக்குப் பாரமாகும். அவர்களுக்குப் பொருத்தமான வேறொரு சோடி உண்டு. சாம்பலும் கறுப்புமாகக் குறுக்குவரி போட்ட பிளிமத் றொக் பேடுகள் சில கிடைக்குமாயின், உங்கள் முற்றத்துச் சிவப்பு ஊர்ச்சேவலையே அவற்றுடன் விடலாம். வரியைத் தரும் பரம்பரையலகும் பெரிய இழையிலேயே உள்ளது, வரியின்மைமேல் ஆட்சியுடையது. தாயின் வரி மகனுக்கு மாத்திரமே செல்லும். குஞ்சு பொரிக்கும்போது எல்லாம் கறுப்பாக இருக்கும். ஆனால் சேவற்குஞ்சின் உச்சந்தலையில் வெண்பொட்டு ஒன்று தெரியும். பேட்டுக்குஞ்சின் தலை பொட்டின்றிக் கறுத்திருக்கும். வளர்ந்தபின் சேவல் வரியோடும், பேடு கறுப்பாகக் கழுத்திற் சிறிது செம்மை படர்ந்தும் நிற்கும்.

ஊர்ச்சேவலைத் தெரிவு செய்வதில் இரண்டு கவனம் வேண்டும். அது வெள்ளையாக இருத்தல் கூடாது. வெள்ளை இறகின் அடியிலே வரி மறைந்து நிற்கலாம். அன்றி லெகோண் வெள்ளையாயின் குஞ்சின் நிறம் முழுவதையும் மூடிவிடும். அடுத்து, கழுத்திறகையும் முதுகிறகையும் விரித்துப் பார்த்து, மங்கலான வரி ஏதும் உண்டா என்று அறிதல் வேண்டும். சிவப்பு இறகிலே வரி எளிதிற் கண்ணுக்குப் புலப்படாது. வரியுள்ள சேவல் மகளுக்கும் வரியைக் கொடுத்துவிடும். பின்னர் பொட்டை நம்ப முடியாது.

இச்சோடியை நான் விரும்பிச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஊர்ச்சேவலின் குஞ்சு வெயிலையும் முற்றத்தில் மேய்வதையும் தாங்கும். முட்டைத் தொகை ஊர்ப்பேட்டிலும் கூடும். கலப்பின லேயரிலும் குறையும். அதிகத் தீன் வாங்கிப் போட முடியாதவருக்கு அந்த நடுநிலையே நன்று.

இங்கே கழுத்தில் இறகில்லாக் கோழியைப் பற்றியும் ஒரு சொல். அழகற்றதென்று பலர் அதனை முதலிலே கறிக்கு அனுப்பிவிடுகின்றனர். அப்பண்பும் பரம்பரையாக வருவதே. ஒரு பங்கு பெற்ற கோழிக்குக் கழுத்தின் முன்புறத்தில் ஓர் இறகுக்கொத்து இருக்கும். இரு பங்கு பெற்றதற்குக் கழுத்து ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். உடல் இறகும் ஒரு பங்கில் ஏறத்தாழ 20 வீதமும், இரு பங்கில் 40 வீதம் வரையும் குறைகின்றது. வெப்பநிலை 30 பாகை சதமத்துக்கு மேற்படும் இடங்களிலே இது கோழிக்கு இதமளிக்கும். வறண்ட பகுதியில் உள்ளவர் அதனை வைத்துப் பெருக்குவதே புத்தி. இறகு சுருண்டு மேல்நோக்கி வளைந்த கோழி வேறு. அவ்வகைச் சேவலையும் அவ்வகைப் பேட்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். குஞ்சிற் காற்பங்கு இறகு முறிந்து உதிர்ந்து, உடல் வெறுமையாகத் திரியும்.

முட்டை ஓட்டின் நிறம்

சந்தையிலே கபில முட்டையையும் இளங்கபில ஊர் முட்டையையும் தேடி வாங்குபவர் உளர். வெள்ளை முட்டையிலும் அதிற் சத்துக் கூடுதல் என்பது பலர் நம்பிக்கை. ஓட்டின் நிறத்துக்கும் உள்ளிருக்கும் சத்துக்கும் தொடர்பு இல்லை. எனினும் வாங்குவோர் விரும்புவதை உற்பத்தி செய்வதில் குற்றமும் இல்லை.

ஒரு கபில முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். எல்லா ஓடும் அடிப்படையிற் சுண்ணாம்பே. பேட்டின் ஓட்டுப்பையிலே முட்டை ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகின்றது. அதன் இறுதிச் சில மணி நேரத்திலேதான் கபில நிறம் மேலே பூசப்படுகின்றது. வீட்டுச் சுவருக்குக் கடைசியிற் பூசும் வர்ணம் போன்றது அது. புதிதாக இட்ட முட்டையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் நிறம் சிறிது கையோடு வருவதும் இதனாலேயே.

கபில நிறத்துக்குப் பொறுப்பான பரம்பரையலகு ஒன்றன்று, பல. ஆகவே இறகு நிறத்திற் போல உண்டு, இல்லை என்ற தெளிவான பிரிவு இங்கே கிடையாது. வெள்ளை முட்டையிடும் லெகோணையும் கடுங்கபில முட்டையிடும் இனத்தையும் சேர்த்தால், மகள்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளிறிய கபில முட்டையிடுவர். கடுங்கபிலம் வேண்டுமானால் பல தலைமுறை தெரிவு செய்தல் வேண்டும்.

இங்கே அநேகர் செய்யும் பிழை, பேட்டை மாத்திரம் பார்ப்பது. சேவல் முட்டையிடுவதில்லை, ஆயினும் முட்டையின் நிறத்திற் பாதியைக் கொடுப்பது சேவலே. கடுங்கபில முட்டையிடும் பேடுகளை எவ்வளவு கவனமாகத் தெரிந்தாலும், வெள்ளை முட்டையிட்ட தாயின் மகனை அவற்றுடன் விட்டால், ஒரே தலைமுறையிலே உங்கள் உழைப்புப் பாதியாகும். சேவலைத் தெரிவு செய்யும்போது அதன் கொண்டையையும் வாலையும் பார்ப்பதற்கு முன், அது எந்த முட்டையிலிருந்து பொரித்தது என்பதைப் பாருங்கள். கடுங்கபில முட்டைகளை மாத்திரம் வேறாக அடை வைத்து, அவற்றிற் பொரித்த சேவலை வைத்துக்கொள்ளுங்கள். காதுமடல் வெள்ளையாயின் வெள்ளை முட்டை, சிவப்பாயின் கபில முட்டை என்று சொல்வது லெகோணுக்கும் றோட் ஐலண்ட் றெட்டுக்கும் பொருந்தும். பல இரத்தம் கலந்த ஊர்க்கோழியில் அதை நம்பிச் சேவல் வாங்க வேண்டாம்.

நிறத்தை ஒப்பிடுவது எப்பொழுது என்பதும் முக்கியம். பேடு முட்டையிடத் தொடங்கிய முதல் மாதங்களிலே நிறம் கடுமையாக இருக்கும்; மாதங்கள் செல்லச் செல்ல வெளிறும். இளம்பேட்டின் முட்டையையும் ஓராண்டாக முட்டையிட்ட பேட்டின் முட்டையையும் பக்கத்திற் பக்கம் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. பயமும் கூட்டில் நெருக்கமும் கூட நிறத்தைக் குறைக்கும். இரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கும் நிக்காபசீன் என்னும் மருந்து முட்டையிடும் கோழியின் தீனிற் கலந்துவிட்டால், கபில முட்டை வெள்ளையாகவே வரும்.

ஆயின் கூட்டத்தில் உள்ள பல கோழிகளின் முட்டையும் ஒருசேரச் சில நாளுக்குள் வெளிறி, ஓடும் மெலிந்து, தோல் முட்டைகளும் விழுமானால், அது பரம்பரையன்று, நோய். மூச்சுக்குழலைத் தாக்கும் வைரசு நோயும், முட்டை வீழ்ச்சி நோயும் இவ்வாறு தொடங்குவதுண்டு. அப்பொழுது சோடியை ஆராய்ந்துகொண்டிராமல் கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள்.

நீல முட்டையும் பச்சை முட்டையும்

நீல முட்டையின் கதை வேறு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலே மாப்பூச்சே மக்களிடம் இருந்த கோழிகளிலிருந்து அரௌக்கானா என்னும் இனம் உருவாயிற்று. அது நீல முட்டையிடும். இந்நிறம் ஓட்டின் மேலே பூசப்படாது. சுண்ணாம்போடு கலந்து உட்புறம் வரை ஊறி நிற்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் நீலமே. இதற்குப் பொறுப்பு ஒரே பரம்பரையலகு, அதுவும் ஆட்சியுடையது. மிகப் பழங்காலத்தில் ஒரு வைரசின் துண்டு கோழியின் பரம்பரைப் பொருளில் நுழைந்து தங்கியதனாலேயே இந்நிறம் தோன்றியது என 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. நீல ஓட்டின் மேலே கபிலம் பூசப்பட்டால் பச்சை முட்டை. பச்சைக்கெனத் தனிப் பரம்பரையலகு இல்லை.

நீல முட்டைச் சேவல் என்று சொல்லிக் கூடிய விலை கேட்பவரிடம் வாங்கும் கமக்காரர் அதனைச் சோதித்தே பெருக்குதல் வேண்டும். மூன்று நான்கு வெள்ளை முட்டைப் பேடுகளுடன் சேவலை விட்டு, மகள்கள் முட்டையிடும் வரை காத்திருங்கள். ஒரு மகளும் நீல முட்டையிடாவிடின் சேவலிடம் அப்பரம்பரையலகு இல்லையென்று கொள்ளலாம். ஏறத்தாழப் பாதி மகள்கள் நீலமும் பாதி வெள்ளையும் இட்டால், சேவலிடம் ஒரு பங்கே உள்ளது. எல்லா மகள்களும் நீலமாயின் இரு பங்கும் உள்ளது. எத்தனை மகள்களைப் பார்க்க வேண்டும்? ஒரு பங்கு மாத்திரம் உள்ள சேவலுக்கு 6 மகள்களும் நீல முட்டையிடும் தற்செயல் 64இல் 1. ஆகையால் 6 மகள்களைப் பார்த்தவர் பெரும்பாலும் ஏமாறமாட்டார். இச்சோதனைக்கு அரை ஆண்டுக்கு மேற் செல்லும் என்பதையும் எண்ணி விலை பேசுங்கள்.

நீலப் பரம்பரையலகு, மூன்று தாழ்ந்த வரிசையுடைய கொண்டையைத் தரும் பரம்பரையலகுக்கு அண்மையில் ஒரே இழையில் இருப்பதால், இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே செல்லும். அதனைக் காட்டி விற்பவரும் உண்டு. ஆனால் சண்டைக்கோழிகளுக்கும் அவ்வகைக் கொண்டை உண்டு. அவை நீல முட்டையிடுவதில்லை. கொண்டை சாட்சியாகாது, மகளின் முட்டையே சாட்சி.

மஞ்சட்கருவின் நிறம் இவற்றுள் எதனோடும் சேராது. அது தீனால் வருவது. குறுணலும் தவிடும் மாத்திரம் தின்னும் கோழியின் மஞ்சட்கரு வெளிறியிருக்கும். மஞ்சட் சோளமும், நறுக்கிய அகத்தி இலை, முருங்கை இலை, கீரைத் தண்டு முதலியனவும் கொடுத்தால், அதே கோழி சில கிழமைகளிலே செம்மஞ்சட் கரு இடும். தோட்டம் செய்பவருக்கு இதிற் செலவே இல்லை. கீரை பிடுங்கும்போது கழியும் இலையே போதும்.

முற்றத்திலே செய்யவேண்டியவை

கிடுகும் கம்பிவலையும் கொண்டு ஓர் அடைப்பு அமையுங்கள். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பேடு போதும். திறந்த முற்றத்திலே எத்தனை விதியைப் படித்தாலும் வேலி தாண்டும் சேவல் ஒன்றே யாவற்றையும் கெடுத்துவிடும். அடைக்கு எடுக்கும் முட்டையில் கரிக்கோலால் திகதியையும் பேட்டின் அடையாளத்தையும் எழுதி, கூரிய முனை கீழாக நிறுத்தி, நிழலான இடத்தில் வைத்து, 7 நாளுக்குள் அடை வையுங்கள். பொரித்த குஞ்சின் காலில் நிற நூல் கட்டுவது எளிய அடையாளம். குஞ்சு வளரும் வேகத்தில் நூல் இறுகிக் காலை வெட்டாதபடி அடிக்கடி தளர்த்திக் கட்டுவதை மறக்க வேண்டாம். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எந்தச் சேவல், எந்தப் பேடு, எந்நாள், என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். தகப்பனை மகளோடும் உடன்பிறந்தவற்றைத் தம்முள்ளும் திரும்பத் திரும்பச் சேர்த்தால் பொரிப்புக் குறைந்து குஞ்சும் நலியும். ஆதலால் சேவலைக் காலத்துக்குக் காலம் வேறிடத்திலிருந்து கொண்டுவாருங்கள். கொண்டுவந்ததைக் கூட்டத்தோடு உடனே விடாது, சில கிழமை வேறாகக் கட்டி வைத்துப் பாருங்கள். இராணிக்கெட் நோய்த் தடுப்பூசி போடாத கூட்டத்திலே நிறத்தைப் பற்றிய பேச்சே வீண்.

ஊர்ப்பேடுகள் அனைத்தையும் விற்றுவிட்டு இறக்குமதி இனங்களை மாத்திரம் வைத்துக்கொள்ள எண்ணுபவருக்கு ஓர் எச்சரிக்கை. அதிக முட்டைக்காகத் தெரிவு செய்யப்பட்ட இனங்களிலே அடைகாக்கும் குணமும் பெரும்பாலும் போய்விட்டது. பொரிப்பு இயந்திரம் இல்லாத வீட்டிலே, வரிக்கோழியின் முட்டையை 21 நாள் காத்துப் பொரிக்கச் செய்து, பருந்துக்கும் கீரிக்கும் தப்பவைத்து வளர்த்துத் தருவது ஊர்ப்பேடே. இரண்டு மூன்றையாவது வைத்திருங்கள். அவற்றை வேறு அடைப்பில் விடுங்கள். இல்லையேல் அவற்றின் முட்டையும் அடைக்கு வைக்கும் முட்டையோடு கலந்துவிடும்.

புதிய சேவலை அடைப்பில் விடுமுன் பழைய சேவலை அகற்றிய நாளைக் கொப்பியிற் குறியுங்கள். அந்நாளிலிருந்து 3 கிழமை முடியும்வரை கிடைக்கும் முட்டைகளைச் சமையலுக்கும் சந்தைக்கும் எடுத்துக்கொண்டு, அதன் பின் இடும் முட்டையையே அடைக்கு வையுங்கள்.